பூட்டும் பிரிவும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை, அடி, உதை, பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையான எம்.எம்.ஏ.வின் தரைப்பிடிகளையும் அதற்கான பயிற்சியையும் பற்றிய கேள்விகள் மட்டும். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வந்த கடிதங்களே அதிகம். செங்கோட்டை, புளியரையிலிருந்தும் சில. ‘பிடியெல்லாம் தெரியும், ஆனால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) ஒன்றும் முடிய மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல்தான் பல கடிதங்களில். அதனால் புதுப் பிடிகளைச் சொல்வதைவிட, தெரிந்த பிடி ஏன் நழுவுகிறது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: எட்டு வருடமாக ஆசானிடம் நம் ஊர்ப் பாரம்பரியச் சண்டைக் கலையான அடிமுறை படிக்கிறேன். பூட்டும் (மூட்டை மடக்கிப் பிடிப்பது) பிரிவும் (அதிலிருந்து கழற்றிக்கொள்வது) நன்றாக வரும். இப்போது எம்.எம்.ஏ. போட்டிக்குப் போக ஆசை. ‘உன் பூட்டெல்லாம் கூண்டுக்குள் எடுபடாது’ என்று கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள். உண்மையா? (மார்த்தாண்டம்)

பாதி உண்மை. விரல் பூட்டை முதலில் மறந்துவிடுங்கள். எம்.எம்.ஏ. பொது விதிகளில் கை விரலையோ கால் விரலையோ தனியாகப் பிடித்து வளைப்பது தவறு. மணிக்கட்டுப் பூட்டுக்குத் தடையில்லை. ஆனால் நின்றுகொண்டே போட்டால், வியர்த்த கையும் கையுறையும் சேர்ந்து நழுவிவிடும்.

நின்ற நிலைப் பூட்டு நழுவக் காரணம் பூட்டில் உள்ள குறை அல்ல, எதிராளியின் கால்கள் கட்டுப்படாமல் இருப்பதுதான். முழங்கையை நீங்கள் திருப்பும்போது அவர் அதே திசையில் இரண்டு எட்டு வைத்தால் வலி தீர்ந்தது. தரையில் அவருடைய இடுப்பையோ தோளையோ அழுத்தி வைத்திருந்தால் அந்த இரண்டு எட்டுக்கு இடம் கிடையாது. பூட்டு அதேதான், பூட்டுவதற்குக் கதவு வேண்டும், அவ்வளவு.

கிமுராவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை முறுக்குப் பூட்டுக்கு நெருங்கிய உறவு. ஜூடோவில் உடே கராமி என்பார்கள். 1951இல் ரியோ டி ஜெனிரோவில் மசாஹிகோ கிமுரா இதைப் போட்டு ஹெலியோ கிரேசியின் கையை உடைத்த பிறகு பிரேசில்காரர்கள் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஒரு கை எதிராளியின் மணிக்கட்டில். மறு கை அவருடைய மேல்கையைச் சுற்றி வந்து உங்கள் மணிக்கட்டையே பிடிக்கும். கட்டை விரலைச் சுற்றாமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். அவருடைய முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி மடங்கி உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இனி கையால் திருகாதீர்கள்; நெஞ்சைத் திருப்புங்கள், கை கூடவே வரும். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் ஒன்றுதான்: அவருடைய முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடக்கும்போதே திருக ஆரம்பிப்பது. முதலில் முழங்கையை விலாவிலிருந்து ஒரு சாண் கிளப்ப வேண்டும். அதற்கு அவர் தன் தொடையையோ கால்சட்டை விளிம்பையோ பிடித்திருப்பதை உடைக்க வேண்டும். தன் கால்சட்டையைத் தானே பிடிப்பதை விதி தடுக்கவில்லை, அதனால் நடுவர் விடுவிப்பார் என்று காத்திருக்காதீர்கள்.

அடிமுறைக்காரருக்கு ஒரு அனுகூலம் உண்டு. பூட்டைச் சொல்லித் தரும்போதே பிரிவையும் சொல்லித் தருவது உங்கள் வழக்கம். வெறும் வீடியோ பார்த்துப் படிப்பவர்களுக்குப் போடத் தெரிகிறது, கழற்றத் தெரிவதில்லை. உங்களுக்கு இல்லாதது, முழு பலத்தோடு எதிர்க்கும் கூட்டாளி. வாரம் இரண்டு நாள் அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். அடிமுறையை விட்டுவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கேள்வி: முதுகுப் பக்கம் போய்விடுகிறேன், இரண்டு ஹூக்கும் (அவர் தொடைகளுக்குள் மாட்டும் கால் கொக்கி) போட்டுவிடுகிறேன். ஆனால் பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் ரியர் நேக்கட் சோக் முடிவதேயில்லை. கையுறை இல்லாமல் முடிகிறது, கையுறை போட்டால் தாடைக்கடியில் கை நுழைவதில்லை. (நாகர்கோவில்)

இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவத்தில் பலரிடமிருந்து வந்திருப்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் கையுறை. எம்.எம்.ஏ. கையுறை வழக்கமாக 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் சுமார். கனம் பிரச்சினை இல்லை, முட்டியின் மேலுள்ள திண்டுதான் பிரச்சினை. முட்டி முன்னால் போனால் தாடை எலும்பில் மோதி நின்றுவிடும். கையைக் கத்தி போலத் தட்டையாக்கி, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, அவருடைய தோளில் உரசியபடி காதுக்குக் கீழிருந்து நுழையுங்கள். நேர் முன்னாலிருந்து நுழைய முயன்றால் அவர் தாடையை இறக்கினாலே போதும், வழி அடைபட்டுவிடும்.

கை நுழைந்த பிறகு முழங்கையின் முனை அவருடைய தாடை நடுக்கோட்டுக்கு நேர் கீழே வர வேண்டும். அப்போதுதான் உங்கள் மேல்கை ஒரு பக்கத்து ரத்தக்குழாயையும் முன்கை மறு பக்கத்தையும் அழுத்தும். முழங்கை ஒரு பக்கமாக விலகினால் முன்கை எலும்பு மூச்சுக்குழாய் மேல் உட்கார்ந்துவிடும். எதிராளி கரகரவென்று சத்தம் போடுகிறார், இருமுகிறார் என்றால் அங்கேதான் இருக்கிறீர்கள். வலிக்கும்; வலியைத் தாங்குகிறவர் டேப் செய்ய (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள) மாட்டார். இரு பக்க ரத்தக்குழாயும் சரியாக அடைபட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும், சத்தமே வராது. ஆகவே பத்து விநாடி முழு பலத்தோடு நெருக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் இடம் தப்பு. இன்னும் இருபது விநாடி நெருக்கினால் அடுத்த ரவுண்டுக்கு உங்கள் முன்கைதான் செத்திருக்கும்.

மறு கை அவருடைய தலைக்குப் பின்னால் போக வேண்டும். உச்சந்தலை மேல் வைத்தால் அவர் அந்தக் கையைப் பிடித்து இழுப்பார். பிடரியில், புறங்கை அவர் தலையைத் தொடுகிறபடி வைத்தால் பிடிக்க விரல் கிடைக்காது. இதிலும் கையுறைத் திண்டு இடிக்கிறதென்றால் அந்தக் கையையே விட்டுவிட்டு, உள்ளங்கையோடு உள்ளங்கை கோத்து, முழங்கைகளை உங்கள் விலாவுக்கு இழுங்கள். இதற்கு நெஞ்சு அவர் முதுகோடு சிமெண்டு பூசியதுபோல் ஒட்டியிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தைய சண்டை கைகளுக்குள் நடக்கிறது. எதிராளி தன் இரண்டு கையாலும் உங்கள் நெரிக்கும் கையைப் பிடிப்பார். பிடிக்காவிட்டால் அவர் புதியவர். அப்போது தோளுக்கு மேலே போன உங்கள் கையை இழுத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். அக்குளுக்கடியில் போன கையால் அவருடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளி, அதே பக்கத்துக் காலை அந்தக் கையின் மேல் போட்டு அமுக்கிவிடுங்கள். இப்போது உங்களுக்கு இரண்டு கை, அவருக்கு ஒன்று.

எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதும் முக்கியம். தோளுக்கு மேலே நெரிக்கும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சாய்ந்திருங்கள். அக்குள் கைப் பக்கம் சாய்ந்தால் அவர் தோளைத் தரையில் பதித்து உங்கள் பக்கம் திரும்பிவிடுவார், முதுகு போச்சு. கடைசியாக, கணுக்கால்களை அவர் வயிற்றுக்கு முன்னால் குறுக்காகக் கோக்காதீர்கள். அவர் தன் காலை அதன் மேல் போட்டு இடுப்பை நிமிர்த்தினால் நீங்களே டேப் செய்ய வேண்டிவரும்.

கேள்வி: கீழே படுத்துக் கால்களால் கழுத்தை நெரிக்கும் ட்ரையாங்கிள் போட்டால் என்னைத் தூக்கிக் கீழே போடுகிறார்கள். எம்.எம்.ஏ.வில் ட்ரையாங்கிளே வேண்டாமா? (பாறசாலை)

தூக்க விட்டால் வேண்டாம். 2004இல் ஜப்பானின் பிரைட் போட்டியில் ரிக்கார்டோ அரோனா ட்ரையாங்கிள் போட்டபோது குயின்டன் ஜாக்சன் அவரை அப்படியே தூக்கி அறைந்தார். அரோனா அங்கேயே நினைவிழந்தார். அதே ட்ரையாங்கிளை வைத்துத்தான் 1994இல் அமெரிக்காவின் யு.எஃப்.சி. 4 போட்டியில் ராய்ஸ் கிரேசி, தன்னைவிட மிகக் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னை மடக்கினார். பிடி ஒன்றே; எதிராளியால் எழுந்து தூக்க முடிந்ததா என்பதுதான் வித்தியாசம்.

ட்ரையாங்கிள் பூட்டியதும் முதல் வேலை நெருக்குவது அல்ல. அவர் கழுத்தின் மேல் கிடப்பது உங்கள் வலது கால் என்றால் உங்கள் தலை வலது பக்கம் நகர வேண்டும், வலது கை அவருடைய தொடையை அடியில் கோத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கால் உங்கள் கையில் இருந்தால் அவரால் எழுந்து நிற்க முடியாது. தலை நகர்ந்ததில் கோணமும் கிடைத்துவிடுகிறது. அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பு, அவர் காது தெரிய வேண்டும். நேர்கோட்டில் கிடந்தால் உங்கள் தொடைகள் அவர் தோள்களைத்தான் அமுக்கும். தோளை நெரித்து யாருக்கும் மயக்கம் வந்ததில்லை.

பூட்டும் முறை: கெண்டைக்கால் அவருடைய பிடரியில் குறுக்காகக் கிடக்க வேண்டும், முதுகில் சரியக் கூடாது. சரிசெய்யும்போது உங்கள் பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், கணுக்கால் சுளுக்கும். முன்காலைப் பிடியுங்கள். மறு காலின் முழங்கால் மடிப்பு அந்தக் கணுக்காலின் மேல் கொக்கி போல உட்கார வேண்டும். பாதத்தின் மேல் உட்கார்ந்தால் பூட்டு அரைகுறை. பாத விரல்களை உங்கள் பக்கம் மடக்குங்கள். முழங்கால்களை ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, தலையைக் கீழே இழுத்து, இடுப்பைக் கிளப்புங்கள். நெரிப்பது இரண்டு பொருள்கள்: ஒரு பக்கம் உங்கள் உள்தொடை, மறு பக்கம் அவருடைய சொந்தத் தோள். மாட்டிய கையைக் குறுக்காக இழுத்தால்தான் முடியும் என்று பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். இழுத்தால் நல்லது. ஆனால் வியர்த்த கையை இழுக்கப் போய்க் கோணத்தை விட்டுவிடுவதே அதிகம்.

குட்டைக் கால், தடித்த தொடை உள்ளவர்களுக்கு அகன்ற தோளுள்ள எதிராளியிடம் இது சிரமம்தான். அப்படிப்பட்டவர்கள் ட்ரையாங்கிளை ஆர்ம்பாருக்கு (முழங்கையை நிமிர்த்தும் பூட்டு) வாசலாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டார்ஸ், அனகோண்டா இரண்டும் ஒன்றுதானே? (செங்கோட்டை)

இரண்டும் எதிராளியின் தலையையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கும் பிடிகள்தான், ஆனால் கை போகும் வழி தலைகீழ். அனகோண்டாவில் உங்கள் கை கழுத்துப் பக்கம் நுழைந்து அக்குள் வழியாக வெளியே வரும். டார்ஸில் அக்குள் வழியாக நுழைந்து கழுத்துப் பக்கம் வெளியே வரும். ஜோ டார்ஸ் என்ற அமெரிக்கர் பெயரால் வந்தது. இரண்டிலும் வெளியே வந்த கை உங்கள் மறு கையின் மேல்கைத் தசையைப் பிடிக்கும்.

டார்ஸ் முடியாமல் போவதற்கு அநேகமாக ஒரே காரணம், கை ஆழமாகப் போகாதது. மணிக்கட்டு முழுதும் கழுத்தின் மறுபக்கம் வெளியே தெரியாமல் பூட்டாதீர்கள். தெரியவில்லையென்றால் மறு கையால் அவர் பிடரியை அழுத்தித் தலையை அவருடைய அக்குள் பக்கமே மடக்குங்கள். இடைவெளி சுருங்கும், உங்கள் கை நீளும். பிறகு நெஞ்சின் பாரத்தை அவர் தலையின் பின்பக்கம் இறக்கி, கால்களைப் பின்னால் நீட்டுங்கள். நீண்ட கை உள்ளவருக்கு டார்ஸ் எளிது. குட்டைக் கைக்காரர் அனகோண்டா போட்டு, பக்கவாட்டில் உருண்டு, எதிராளியின் கால்களை நோக்கி நடந்து முடிக்கலாம்.

இதோடு சேர்த்து, தலையை முன்னாலிருந்து அக்குளில் மாட்டி நெரிக்கும் கில்லட்டின் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கீழே படுத்து கில்லட்டின் பிடித்திருக்கும்போது, எதிராளி உங்கள் கால்களைக் கடந்து, தன் தலை மாட்டியிருப்பதற்கு எதிர்ப்பக்கம் போய்விட்டால் உடனே விட்டுவிடுங்கள். உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவர் தோளை உங்கள் கழுத்தில் இறக்குவார். உங்கள் கையே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். வான் ஃப்ளூ சோக் என்பது அதுதான்.

கேள்வி: விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறேன். சாயங்காலம் பயிற்சி. விரலில் பிடிமானமே இருப்பதில்லை. வாரம் எத்தனை நாள் போகலாம்? (குழித்துறை)

மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம்.

பத்து நிமிடம் உடல் சூடு: இடுப்பு நகர்த்தல், பாலம், எழுந்து நிற்றல். இருபது நிமிடம் ஒரே ஒரு பிடி, அதுவும் அந்த மாதம் முழுதும் அதே பிடிதான். அடுத்த அரை மணி நேரம் குறிப்பிட்ட நிலையிலிருந்து தொடங்கும் ஸ்பாரிங். முதுகைப் பிடித்த நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிட ரவுண்டு. தப்பினாலும் முடித்தாலும் மறுபடி அதே நிலை. பிறகு ஆள் மாற்றம். கூட்டாளி முதல் ரவுண்டில் கால்வாசி பலம், அடுத்ததில் பாதி, கடைசியில் முழுசு. மிச்ச நேரம் தடையில்லாத ஸ்பாரிங், அதில் இரண்டு ரவுண்டாவது திறந்த கையால் லேசாக அடிக்கும் அனுமதியோடு. அடி வரும் என்று தெரிந்தால்தான், கீழே படுத்துச் சோம்பேறித்தனமாகப் பிடி தேடும் பழக்கம் போகும்.

விரல் பிடிமானத்தைப் பொறுத்தவரை, பால் வெட்டிய கைக்கு ஓய்வு கொடுக்கும் பிடிகளைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டை வளைத்துக் கொக்கி போடுவது, முழங்கை மடிப்பில் மாட்டுவது, அக்குளில் செருகுவது. எம்.எம்.ஏ.வில் துணி இல்லை, விரலால் பிடிக்க வேண்டிய தேவையே குறைவு. கை கிரிப்பர் வாங்கி இன்னும் பிழிய வேண்டாம்.

கேள்வி: வயது 17. ஹீல் ஹூக் வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து பழகலாமா? (களியக்காவிளை)

கூடாது. காரணத்தையும் சொல்கிறோம், அப்போதுதான் கேட்பீர்கள்.

ஆர்ம்பாரில் முழங்கை நிமிர நிமிர வலி கூடும். வலி சொல்லிவிட்டுத்தான் சேதம் வரும். ஹீல் ஹூக்கில் நீங்கள் பிடிப்பது குதிகால், கிழிவது முழங்கால். பாதம் நீண்ட நெம்புகோல், முறுக்கு முழுதும் முழங்காலின் தசைநார்களில் இறங்கும். அந்த முறுக்குக்கு முழங்கால் முன்கூட்டி வலிப்பதில்லை. ‘லேசாக இழுக்கிற மாதிரி இருக்கிறதே’ என்று நினைக்கும் நேரத்தில் முன் சிலுவைத் தசைநார் போயிருக்கலாம், கூடவே பக்கத் தசைநாரும் சவ்வும். பிறகு அறுவை சிகிச்சை, பல மாத ஓய்வு. பிரேசிலிய ஜியு-ஜிட்சு போட்டிகளை நடத்தும் ஐ.பி.ஜே.ஜே.எஃப். அமைப்பு 2021 வரை இதை எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை. இப்போதும் கி (ஜூடோ பாணி உடை) இல்லாத பிரிவில், வயது வந்த பிரவுன், பிளாக் பெல்ட்காரர்களுக்கு மட்டுமே அனுமதி.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது நேர்க் கணுக்கால் பூட்டு. அதிலேயே கால் சிக்கல் எல்லாம் வந்துவிடும்: எதிராளியின் முழங்கால் உங்கள் தொடைகளுக்கு நடுவே இருக்கிறதா, நழுவிப் போய்விட்டதா என்பதை உணரும் பழக்கம். முழங்கால் வெளியே நழுவிவிட்டால் எந்தக் கால் பூட்டும் கிடையாது.

பதினெட்டைத் தாண்டி, ஒழுங்கான பயிற்சியாளர் முன்னால் தொடங்கும்போது மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, பிடிப்பதோடு நிறுத்துவது: குதிகால் மாட்டியதும் முறுக்காமல் நிற்க வேண்டும், மாட்டிக்கொண்டவர் டேப் செய்ய வேண்டும், இரண்டு பேருக்கும் அதுவே முடிவு. இரண்டு, மாட்டிக்கொண்டவர் எதிர்த்திசையில் உருண்டு தப்பப் பார்க்கக் கூடாது. முறுக்கு எந்தத் திசையோ அந்தத் திசையில்தான் முழு உடம்பும் உருள வேண்டும். பயிற்சியில் முழங்கால் சேதம் எதிராளி முறுக்கியதால் மட்டுமல்ல, மாட்டிக்கொண்டவர் பதறித் தானே தவறான பக்கம் உருண்டதாலும் வருவது உண்டு. மூன்று, களைத்த நேரத்திலும் ஆள் தெரியாத கூட்டாளியிடமும் வேண்டவே வேண்டாம்.

நுட்பத்தில் ஒன்று மட்டும்: குதிகாலை முழங்கை மடிப்பில் செருகினால் வழுக்கும். மணிக்கட்டுக்குப் பக்கத்து முன்கை எலும்பில் பிடித்து, பாத விரல்களை அக்குளுக்குப் பின்னால் அடைத்து, இரு உள்ளங்கைகளையும் கோத்து, திருப்புவது முழு உடம்பால்.

எம்.எம்.ஏ.வில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. காலைத் தேடிப் பின்னால் விழுந்தால் மேலிருந்த இடம் போகும், பூட்டு நழுவினால் அடிவாங்க வேண்டிவரும். 2018 டிசம்பரில் ரயன் ஹால் முதல் ரவுண்டிலேயே ஹீல் ஹூக்கால் முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியன் பி.ஜே. பென்னை முடித்ததை எல்லோரும் பகிர்கிறார்கள். அவர் வருடக்கணக்காக அதையே தொழிலாகச் செய்தவர்.

கேள்வி: ஜிம்மில் நான் ஒருத்திதான் பெண். எடை 52 கிலோ. எல்லாரும் 70க்கு மேல். பாவம் பார்த்து டேப் செய்கிறார்கள், இல்லையென்றால் மேலே படுத்து நசுக்குகிறார்கள். (தக்கலை)

இரண்டுமே உங்களுக்குப் பயனில்லை. ரவுண்டு தொடங்குமுன்பே வாயால் சொல்லிவிடுங்கள்: ‘அண்ணா, நிலை இது, பலம் பாதி, எடையைப் போட வேண்டாம், ஆனால் வழி விடவும் வேண்டாம்.’ கூச்சப்பட வேண்டியது எதுவும் இல்லை. சொல்லாவிட்டால் அவர்களுக்கு எவ்வளவு பலம் போடுவதென்று நிஜமாகவே தெரியாது.

எடை வித்தியாசம் இருக்கும்போது முதுகுதான் உங்கள் இடம். அங்கே அவருடைய எடை உங்கள் மேல் விழுவதில்லை, கையும் எட்டாது. கீழே மாட்டினால் கால்களை அவர் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம், அது அவருக்கு வசதி. ஒரு முழங்காலை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே தடுப்பாக வைத்துப் பக்கவாட்டில் சாயுங்கள், அங்கிருந்து அவர் கைக்கடியில் நுழைந்து முதுகுக்குப் போக வழி இருக்கிறது. ஆர்ம்பாரும் உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் அது உங்கள் இடுப்புக்கும் அவர் முழங்கைக்கும் நடக்கும் சண்டை. முழங்கால்களை நெருக்கி வையுங்கள். அவர் முழங்கை உங்கள் இடுப்புக் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். கட்டை விரல் மேலே பார்க்க வேண்டும். தளர்ந்த முழங்கால்களோடு இடுப்பைத் தூக்கினால் வியர்த்த கை சோப்புக் கட்டி போல நழுவும்.

நின்ற நிலையிலிருந்து வீழ்த்தும் பயிற்சியை மட்டும் 70 கிலோக்காரர்களோடு முழு வேகத்தில் செய்யாதீர்கள். அவர் உங்கள் முழங்கால் மேல் விழுவதற்குப் பிடி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில் ஓடு வேய்ந்த கொட்டகை இருக்கிறது. பழைய தென்னைநார் மெத்தைகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டினால் போதாதா? (குலசேகரம்)

விழுந்து பழக மட்டுமென்றால் சமாளிக்கலாம். பிடித்து உருளுவதற்கு ஆகாது. மெத்தை மெத்தென்று இருந்தால் பாதம் புதையும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழங்காலுக்குப் போகும். தார்ப்பாயில் சுருக்கம் விழுந்தால் கால் விரல் மாட்டும். இரண்டு மெத்தைகளுக்கு நடுவிலுள்ள பிளவில் கணுக்கால் இறங்கும்.

40 மி.மீ. தடிமனுள்ள, பல் கோத்துப் பூட்டும் ஈ.வி.ஏ. மேட் வாங்குங்கள். ஒரு துண்டு ஒரு மீட்டர் சதுரம். ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடத்துக்கு 25 துண்டு. 20 மி.மீ. மேட் கராத்தேக்குப் போதும், கான்கிரீட் தளத்தில் ஆளை வீழ்த்தப் போதாது. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். இடம் அவ்வளவுதான் என்றால் சுவருக்கும் மேட் கட்டுங்கள், கூண்டுச் சுவரில் சாய்த்துப் பிடிக்கும் பயிற்சிக்கும் ஆயிற்று.

நம் பக்கம் தொல்லை ஈரம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மேட்டுக்கடியில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், மேலே எவ்வளவு துடைத்தாலும் நாற்றம் போகாது. மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை எல்லாத் துண்டையும் கழற்றி நிறுத்திக் காற்றாட விடுங்கள். கடும் வெயிலில் போட்டால் சுருங்கிப் பல் கோக்காது, நிழலில் உலர்த்துங்கள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 மி.லி. வீட்டு பிளீச் திரவம் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். உடனே துடைத்து எடுத்தால் கிருமி சாகாது. கலவையை அன்றன்றைக்கே கலக்குங்கள். பிளீச்சோடு கழிப்பறை அமிலத்தையோ வேறு திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

கேள்வி: கையில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. மருந்துக் கடையில் தந்த களிம்பு போட்டதும் அரிப்பு நின்றது, பிறகு இரண்டு மடங்காகப் பரவிவிட்டது. பயிற்சிக்குப் போகலாமா? (புளியரை)

போகக் கூடாது, கூட்டாளிகள் எல்லோருக்கும் ஒட்டும். கடைகளில் கேட்டதும் எடுத்துத் தரும் களிம்புகளில் பல, பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்தவை. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சைக்கோ அது விருந்து. களிம்புக் குழாயில் குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அதுதான் விஷயம். தோல் மருத்துவரைப் பாருங்கள். மேட்டுக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். மறைந்துவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். பயிற்சி உடையை ஒரு தடவை போட்டதும் துவைத்து நன்றாக உலர்த்துங்கள். அரை ஈரத்தோடு பைக்குள் திணித்து வைப்பதும் காரணம்.

கேள்வி: ஆர்ம்பாரில் முழங்கை ‘டக்’ என்றது, வீங்கியிருக்கிறது. உழிச்சில் (எண்ணெய் தேய்த்து நீவுவது) செய்தால் சரியாகும் என்கிறார் மாமா. (ஆரியங்காவு)

முதல் மூன்று நாள் தேய்க்கவோ இழுக்கவோ வேண்டாம். கிழிந்த இடத்தைத் தேய்த்தால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டி 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. கையை உயர்த்தி வையுங்கள். முழங்கை முழுதாக நீட்டவோ மடக்கவோ முடியவில்லை, விரல் மரத்துப்போகிறது என்றால் அன்றே எக்ஸ்ரே. மாமாவின் தைலம் வீக்கம் வடிந்த பிறகு, மருத்துவர் சரி என்றால். அப்புறம், ‘டக்’ சத்தம் வரும்வரை டேப் செய்யாமல் இருந்தது ஏன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோக்கில் ஒருவன் மயங்கிவிட்டான். தண்ணீர் தெளித்தோம். வேறென்ன செய்திருக்க வேண்டும்? (நெய்யாற்றின்கரை)

பிடியை உடனே விட வேண்டும், மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு வருகிறதா பார்க்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றுவது, கன்னத்தில் அறைவது, தூக்கி உட்கார வைப்பது எதுவும் வேண்டாம். கை கால் சற்று உதறலாம், பயப்பட வேண்டாம். வழக்கமாகச் சில விநாடிகளில் விழிப்பார், கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழிப்பார். அரை நிமிடம் கடந்தும் விழிக்கவில்லை, அல்லது மூச்சு இல்லை என்றால் 108. தமிழக–கேரள எல்லைக்கு இருபுறமும் அதே எண்தான். மூச்சே இல்லாவிட்டால் வண்டி வரும்வரை நெஞ்சழுத்தம் கொடுக்க வேண்டும்.

விழித்தவர் அன்றைக்கு மறுபடி மேட் ஏறக் கூடாது. அடுத்த நாட்களில் கழுத்தில் ஒரு பக்கம் விடாத வலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு கை பலவீனம் இவற்றில் ஏதாவது வந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அரிது, ஆனால் நேரே பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.